மோட்டார் போடச் சொன்னால் மதியம் போடும் பாட்

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில், ரவுட்டருக்குப் பக்கத்தில், ராஸ்பெரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினி ஒன்று ஓடுகிறது. அதுதான் எங்கள் வீட்டு உதவியாளர். தண்ணீர் லாரி கடைசியாக எப்போது வந்தது, பால்காரருக்கு எவ்வளவு பாக்கி, இரண்டு மாதத்துக்கொரு முறை வரும் கரண்ட் பில்லுக்குக் கடைசித் தேதி எது என்பதெல்லாம் அதற்குத் தெரியும். யோசிக்கும் வேலையை மட்டும் வெளியே இருக்கும் ஒரு மொழி மாதிரிக்கு (சாட்ஜிபிடி போன்ற ஏஐக்கு) அனுப்பிவிடும். செய்தியை வாங்குவது, குறித்து வைப்பது, வாய்ஸ் நோட்டை எழுத்தாக்குவது, சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை ரிலே (நிரல் சொன்னபடி திறந்து மூடும் மின் சுவிட்ச்) வழியாகப் போட்டு அணைப்பது எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது.

அப்பா டெலிகிராம் ஆள். பொறுமையாக டைப் அடிப்பார். அம்மாவுக்கு வாட்ஸ்அப்தான், அதிலும் வாய்ஸ் நோட்தான். டெலிகிராம் பக்கம் பாட் (தானாகப் பதில் சொல்லும் நிரல்) எழுதுவதற்கென்றே முறையான ஏபிஐ இருக்கிறது, கவலையில்லை. வாட்ஸ்அப் பக்கம் பெய்லீஸ் என்ற திறமூல நூலகத்தைப் பயன்படுத்துகிறேன். பழைய போன் ஒன்றில் தனி எண் போட்டு, அந்த எண்ணுக்கு இணைக்கப்பட்ட சாதனமாக இந்தப் பெட்டியைச் சேர்த்திருக்கிறேன். இது அதிகாரபூர்வமான வழி அல்ல, எண்ணை முடக்கிவிடும் ஆபத்து உண்டு. அதனால் வீட்டில் யாருடைய சொந்த எண்ணையும் இதில் கட்டவில்லை.

புகார் இரண்டு பக்கமிருந்தும் வந்தது. "காலையில கேட்டா பதிலே வர்றதில்ல" என்றார் அப்பா. "டேய், நான் பேசி அனுப்பினா மட்டும் உன் பொட்டி தூங்கிடுது" என்றார் அம்மா. கனெக்ஷன் அடிக்கடி போகிறது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டு புகாரையும் திரும்பப் படித்தால், ஒன்று நேரத்தைப் பற்றியது, இன்னொன்று செய்தியின் வகையைப் பற்றியது. அந்த வித்தியாசம்தான் கடைசியில் வழிகாட்டியது.

மணிக்கொரு முறை ரீஸ்டார்ட் ஆகும்படி போட்டுவிடு என்பதுதான் இந்த மாதிரி சிக்கலுக்கு எல்லோரும் சொல்லும் கை வைத்தியம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ரீஸ்டார்ட் செய்ததும் எது நின்றது, எப்படி நின்றது என்ற தடயமும் சேர்ந்து போய்விடும். மோட்டார் கட்டியிருக்கும் பெட்டியில் அதைவிட மோசமான விளைவும் ஒன்று உண்டு, பிறகு சொல்கிறேன்.

முதலில் செய்தது ஒரு சின்ன ஸ்கிரிப்ட். நிமிடத்துக்கு ஒரு வரி எழுதும். டெலிகிராமிடமிருந்து கடைசியாக ஏதாவது வந்தது எப்போது, வாட்ஸ்அப்பிடமிருந்து எப்போது, ரவுட்டரின் வெளிமுகவரி என்ன, சிபியு எவ்வளவு திணறுகிறது, மின்னழுத்தம் குறைந்ததாகப் பை புகார் சொல்கிறதா, இவ்வளவுதான். சேவை ஓடுகிறதா என்ற கேள்வியை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. லினக்ஸில் சேவைகளை எழுப்பிக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டியைக் கேட்டால் அது எப்போதும் 'ஆக்டிவ், ரன்னிங்' என்று பச்சையாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது. புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) உயிரோடு இருப்பதும் அது யாருடனாவது பேசிக்கொண்டிருப்பதும் வேறு வேறு.

சில நாள் ஓடவிட்டுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒரே நோய் இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

விடியற்காலை நான்கு மணி

கோப்பின் டெலிகிராம் பத்தியில், அதாவது நெடுவரிசையில், கடைசியாக வந்த நேரம், எந்த நாளை எடுத்தாலும் விடியற்காலை நான்கை ஒட்டி உறைந்து போயிருந்தது. அதே நிமிடத்தில் ரவுட்டரின் வெளிமுகவரியும் மாறியிருந்தது. வாட்ஸ்அப் மட்டும் அந்த நேரத்தில் அரை நிமிடம் தடுமாறிவிட்டுத் தானே எழுந்துகொண்டது.

எங்கள் ஃபைபர் இணைப்பு பிபிபிஓஇ என்ற, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழையும் முறையில் லாகின் ஆகிறது. அந்த செஷன் தினமும் ஒருமுறை அறுந்து மறுபடி கட்டப்படுகிறது. கிடைக்கும் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரம்பில் இருக்கிறது. இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்க வேண்டும் என்பதற்காக 2012-ல் ஒதுக்கப்பட்ட வரம்பு அது. நடுவில் இருந்து முகவரியை மாற்றிக் கொடுக்கும் நேட் பெட்டி, எந்த வீட்டின் எந்த இணைப்பு எங்கே போகிறது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். செஷன் மாறியதும் பழைய வரி அதில் இல்லாமல் போகிறது. முறையாக மூடப்பட்ட டிசிபி இணைப்பு (இணையத்தில் இரு முனைகளுக்கு இடையேயான தொடர்பு) என்றால் முடிந்தது என்று ஒரு பாக்கெட் வந்திருக்கும். இங்கே யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

இப்போது டெலிகிராம் பாட் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 'ஏதாவது வந்தால் உடனே சொல், இல்லையென்றால் 30 விநாடி கழித்து ஒன்றுமில்லை என்று சொல்' என்று கேட்டுவிட்டு அது சும்மா காத்திருக்கும். காத்திருக்கும் பக்கம் எதையும் அனுப்புவதில்லை என்பதுதான் இதில் விஷயம். அனுப்பிய பாக்கெட்டுக்குப் பதில் வரவில்லை என்றால் லினக்ஸ் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, வழக்கமான அமைப்பில் சுமார் 15 நிமிடத்தில் கைவிட்டுவிடும். அனுப்ப ஒன்றுமே இல்லாவிட்டால் கைவிடவும் காரணம் கிடைக்காது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கீப்அலைவ் என்று ஒன்று இருக்கிறதே என்றால், அதை நிரல்தான் கேட்டு வாங்க வேண்டும். கேட்டாலும் லினக்ஸின் இயல்பு அமைப்பில் முதல் சோதனை 7,200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம் கழித்துத்தான் போகும். மறுமுனையில் ஆள் எழுந்து போனது தெரியாமல் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலத்தான் பாட் உட்கார்ந்திருந்தது.

வாட்ஸ்அப் பிழைத்ததற்கும் இதுவே விளக்கம். பெய்லீஸ் வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை தானே ஒரு பிங் அனுப்பும். பதில் இல்லை என்றால் மூடிவிடும், புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.

ஊகத்தோடு நிற்க மனமில்லை. பையில் திறந்திருக்கும் இணைப்புகளின் (சாக்கெட்) பட்டியலைப் பார்த்தால் அந்த இணைப்பு 'எஸ்டாப்ளிஷ்ட்' என்றே இருந்தது. போகும் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டுப் பத்து நிமிடம் பார்த்தேன். அரை நிமிடத்துக்கு ஒரு முறையாவது பாக்கெட் ஓட வேண்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை. அடுத்து, நான்கு மணிவரை கண்விழித்துக் காத்திருக்க வேண்டாமே என்று பட்டப்பகலில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, டிஸ்கனெக்ட் அழுத்திக் கனெக்ட் அழுத்தினேன். அதே மௌனம். நோயை நாமே வரவழைக்க முடிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இணைப்புக் கொடுத்த இடத்துக்கும் ஒரு போன் போட்டேன்.

"சார், அது டெய்லி செஷன் ரீசெட் சார். எல்லா கஸ்டமருக்கும் அப்படித்தான்."

"சரி தம்பி, நடக்கட்டும். நேரம் மட்டும் மாறாம இருக்குமா?"

"அது சிஸ்டமே பண்றது சார், நம்ம கையில இல்ல."

நியாயம்தான். நம் பக்கம் சரி செய்வதே சுலபம். டெலிகிராமிடம் போகும் ஹெச்டிடிபி கோரிக்கைக்கு 45 விநாடி என்று ஒரு காலவரம்பு வைத்தேன். பாட் கேட்கும் காத்திருப்பு 30 விநாடி, நம் வரம்பு அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். குறைவாக வைத்தால் ஒன்றும் வராத ஒவ்வொரு முறையும் நாமே அறுத்துக்கொண்டிருப்போம். வரம்பு தாண்டியதும் அந்த சாக்கெட்டை ஒழித்துவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும் என்பதும் முக்கியம். சில ஹெச்டிடிபி நூலகங்கள் பழைய இணைப்பைக் குளத்தில் போட்டு வைத்து மறுபடி எடுத்துக் கொடுக்கும், செத்ததையும் சேர்த்து.

வெப்ஹுக், அதாவது செய்தி வந்ததும் டெலிகிராமே நம் பெட்டியை அழைக்கும் ஏற்பாடு, வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று தோன்றலாம். டெலிகிராம் 443, 80, 88, 8443 ஆகிய போர்ட்டுகளுக்கு மட்டும்தான் வெப்ஹுக் அனுப்பும். எங்களுக்கோ பொது முகவரியே இல்லை, வெளியிலிருந்து உள்ளே வர வழி தரும் ஒரு டனலை நடுவில் வைக்க வேண்டும். வீட்டு மோட்டாரைக் கையில் வைத்திருக்கும் பெட்டிக்கு வெளியிலிருந்து ஒரு கதவும் திறக்காமல் இருப்பதுதான் எனக்கு நிம்மதி. நாமே கேட்டுக் காத்திருக்கும் போலிங்கே போதும்.

தாமதமாக வரும் கட்டளை

ரீஸ்டார்ட் பற்றிச் சொல்லாமல் விட்டது இதுதான். பாட் வாங்கிக்கொள்ளாத செய்திகளை டெலிகிராம் 24 மணி நேரம் வரை வைத்திருக்கும். நல்ல ஏற்பாடு, எதுவும் தொலையாது. ஆனால் காலை ஆறரைக்கு அப்பா "மோட்டார் போடு" என்று அனுப்பி, பதில் வராததால் எழுந்துபோய்க் கையால் சுவிட்சைப் போட்டு, தொட்டி நிரம்பியதும் அணைத்தும்விட்டார். மதியம் நான் சேவையை ரீஸ்டார்ட் செய்தேன். தேங்கியிருந்த செய்திகள் எல்லாம் ஒரே மூச்சில் இறங்கின. பால் கணக்கு வந்தது, பில் தேதி வந்தது, மோட்டாரும் ஓடியது. சன்ஷேடு வழியாகத் தண்ணீர் கொட்டியதைப் பக்கத்து வீட்டு மாமி வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் இதற்கு மன்னிப்பு கிடையாது.

ஆக, இணைப்பைச் சரி செய்வது ஒரு வேலை, இணைப்பு அறுந்து திரும்பும்போது என்ன நடக்க வேண்டும் என்று முடிவு செய்வது இன்னொரு வேலை. டெலிகிராம் செய்தி ஒவ்வொன்றிலும் அது அனுப்பப்பட்ட நேரம் இருக்கும். கேள்வி என்றால் எவ்வளவு பழையதானாலும் பதில் சொல்லலாம். எதையாவது இயக்கும் கட்டளை என்றால், இரண்டு நிமிடத்துக்கு மேல் பழையதை உதவியாளர் செய்யக் கூடாது. 'ஆறரைக்குச் சொன்னது இப்போதுதான் கிடைத்தது, இன்னும் வேண்டுமா?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். இந்தச் சோதனையை மொழி மாதிரியிடம் விடவில்லை. ரிலேயைத் தொடும் நிரலிலேயே வைத்திருக்கிறேன், அங்கே பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. கூடவே மோட்டார் இத்தனை நிமிடத்துக்கு மேல் ஓடாது என்று ரிலே பக்கமே ஒரு வரம்பும் வைத்தாயிற்று.

அம்மாவின் வாய்ஸ் நோட்

வாட்ஸ்அப் பத்தியில் விடியற்காலைத் தடுமாற்றம் போக, பகலில் பல இடங்களில் 408 என்ற பிழை எண்ணோடு அறுந்திருந்தது. நேர ஒழுங்கு எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த சிபியு பத்தியைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஒவ்வொரு 408-க்கும் சற்று முன்னால் நான்கு கோர்களும் நூறு சதவீதத்தில் நின்றன. அதற்கும் முன்னால் அம்மாவிடமிருந்து ஒரு வாய்ஸ் நோட், அதுவும் நீளமானது. "லாரிக்காரன் பத்து மணிக்கு வரேன்னான், வரல, அப்புறம் எதிர் வீட்டுக்காரங்க என்ன சொன்னாங்கன்னா" என்று ஆரம்பித்தால் சட்டென்று முடியாது.

விஸ்பர் மாதிரியை வைத்துப் பேச்சை எழுத்தாக்கும் ஒரு பிளக்இன் உதவியாளர் ஓடும் அதே நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் தளம்) புராசஸுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எழுத்தாக்கி முடியும்வரை நிகழ்வுச் சுழல் (வந்த வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யும் சுற்று) முழுக்க நிற்கும்படி அது எழுதப்பட்டிருந்தது. பை 4-ன் வேகத்துக்கு இரண்டு நிமிடப் பேச்சு என்பது பல நிமிட வேலை. அந்த நேரமெல்லாம் பிங் போகாது, வந்த பாக்கெட்டைப் படிக்கவும் ஆள் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. 408 என்றதும் எதிர்ப்பக்கம் தாமதம் என்றுதான் தோன்றும். நூலகத்தின் நிரலைத் திறந்து படித்தால் வேறு கதை. கடைசியாகச் செய்தி வந்து 35 விநாடிக்கு மேல் ஆகிவிட்டதா என்று அது ஒரு டைமரில் பார்க்கிறது, ஆகியிருந்தால் தானே மூடிவிடுகிறது. சுழல் மூன்று நிமிடம் உறைந்து எழும்போது, எதிர்ப்பக்கம் அனுப்பியது கெர்னலின் பஃபரில் (இயங்குதளத்தின் தற்காலிகச் சேமிப்பில்) படிக்கப்படாமல் காத்திருக்கிறது. ஆனால் நோட் ஜேஎஸ் சுழலில் டைமர்களின் முறை முதலில் வரும், சாக்கெட்டைப் படிப்பது பிறகுதான். டைமர் கணக்குப் பார்க்கிறது, மூன்று நிமிடமாக ஒன்றும் வரவில்லை என்று முடிவு செய்கிறது, நல்ல இணைப்பை அறுத்துப் போடுகிறது. வெளியிலிருந்து யாரும் அறுக்கவில்லை.

பதில் தொலைந்ததும் இதே இடத்தில்தான். எழுத்தாக்கம் முடிந்து பதில் தயாராகும் நேரத்தில் இணைப்பு மறுபடி கட்டப்பட்டுக்கொண்டிருக்கும். அனுப்பும் முயற்சி தோற்கும், பிழை பதிவில் ஒரு வரியாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். அம்மா பக்கத்தில் இரண்டு டிக் விழுந்துவிட்டதால் போய்ச் சேர்ந்தது என்றே அவர் நினைப்பார். இரண்டு டிக் என்பது அந்த எண்ணுக்கான போனுக்கோ அதனுடன் இணைந்த ஏதாவது ஒரு சாதனத்துக்கோ போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்குத்தான் அடையாளம். பழைய போன் மேஜை மேல் ஆனில் இருக்கும்வரை டிக் விழும், பெட்டி செத்துக் கிடந்தாலும்.

எழுத்தாக்கத்தைத் தனிப் புராசஸாகப் பிரித்து, இரண்டு த்ரெட்டுக்கு மேல் எடுக்காதபடியும் முன்னுரிமை குறைவாகவும் வைத்தேன். வாய்ஸ் நோட் வந்ததும் அதன் மேல் ஒரு காது இமோஜி விழும், கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அம்மாவுக்குப் புரியும். அனுப்ப வேண்டிய பதில்கள் இப்போது எஸ்க்யூலைட் (சின்னத் தரவுத்தளம்) அட்டவணை ஒன்றில் எழுதப்பட்டு, இணைப்புத் திறந்திருந்தால் மட்டுமே எடுக்கப்படுகின்றன. போன பிறகுதான் வரி அழியும். ஆட்கள் சொன்ன நேரத்தில் பேசி முடிப்பார்கள் என்று நம்பி எதையும் வடிவமைக்க முடியாது, அம்மா விஷயத்தில் நிச்சயமாக முடியாது.

எழுத்தாக்கம் அவ்வளவு மெதுவாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் பதிவில் கிடைத்தது. அதே நேரங்களில் மின்னழுத்தம் குறைந்ததற்கான குறி எழுந்திருந்தது. பை 4-ல் 5 வோல்ட் பக்கம் சுமார் 4.63-க்குக் கீழே இறங்கினால் அந்தக் குறி விழும், சிபியு வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். பழைய போன் சார்ஜரும் நீளமான மெல்லிய கேபிளும்தான் காரணம். சும்மா இருக்கும்போது போதுமாக இருந்தது, நான்கு கோரும் ஓடினால் தாங்கவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட் போய் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வாங்கினேன். அங்கே கேட்டால் எல்லாமே ஒரிஜினல்தான் என்பார்கள். எதை வாங்கினாலும் வீட்டில் முழுச் சுமையில் ஓடவிட்டு அந்தக் குறி எழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்துக்காக ஒரு சின்ன ஃபேனும் வாங்கினேன். 80 டிகிரியைத் தொட்டால் பை தானாகவே வேகத்தைக் குறைக்கும். மாடிப்படிக்கு அடியில் கத்திரி வெயில் நாட்களில் 80 ஒன்றும் தூரமில்லை.

வைஃபையை இதோடு முடித்துவிடுகிறேன். பையின் வைஃபையில் மின்சேமிப்பு வசதி இயல்பாகவே ஆனில் இருக்கும், அது ஆனில் இருந்தால் தாமதமும் சில துண்டிப்பும் வரும். அணைக்க வழி உண்டு. ஆனால் ரவுட்டர் ஒரு கை தூரத்தில் இருக்கும்போது லேன் கேபிள் செருகுவதே மேல்.

கரண்ட் போய் வந்த பிறகு

பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மதியம் தாண்டி கரண்ட் நிறுத்தும் நாட்களில் எங்கள் இன்வெர்ட்டர் பேட்டரி கடைசிவரை தாங்காது. கரண்ட் வந்ததும் பை அரை நிமிடத்தில் எழுந்துவிடும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் எழுந்து லாகின் ஆகச் சில நிமிடம் எடுக்கும். நம் சேவை டெலிகிராம் சர்வரின் பெயரை வைத்து முகவரியைத் தேடும், கிடைக்காது, விழும். சிஸ்டம்டி 100 மில்லி விநாடியில் எழுப்பும், மறுபடி விழும். இயல்பு அமைப்பில் 10 விநாடிக்குள் 5 முறை எழுப்பிப் பார்த்துவிட்டு சிஸ்டம்டி கைவிட்டுவிடும். எப்போதும் மறுதொடக்கம் செய் என்று எழுதியிருந்தாலும் இந்த வரம்பு அதற்கு மேலே நிற்கும். மறுதொடக்க இடைவெளியை 20 விநாடியாக்கி, எண்ணிக்கை வரம்பை எடுத்துவிட்டேன்.

அதைவிட நுட்பமான ஆபத்து கடிகாரத்தில் இருக்கிறது. பை 4-ல் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. அணைந்தபோது கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும், இணையம் வந்த பிறகே சரியாகும். சில மணி நேரம் பின்தங்கினால் பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் சான்றிதழ்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆனால் மேலே சொன்ன இரண்டு நிமிட விதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்குப் பை அணைகிறது, பத்து மணிக்கு அப்பா கட்டளை அனுப்புகிறார், இரண்டு மணிக்குக் கரண்ட் வருகிறது. பையின் கணக்கில் இப்போது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. பத்து மணிச் செய்தியின் வயது மைனஸில் வரும், இரண்டு நிமிடத்துக்கும் குறைவு என்று விதி விட்டுவிடும், மோட்டார் ஓடும். இதைச் சோதனை மேஜையில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்துப் பார்த்தபோது அப்படியேதான் நடந்தது.

நேரம் ஒத்திசைந்த பிறகே சேவை தொடங்க வேண்டும் என்று சிஸ்டம்டியில் எழுதினேன். எதிர்காலத்திலிருந்து வரும் கட்டளையை மறுக்கவும் ஒரு வரி சேர்த்தேன். டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றும் பின்களில் செருகியிருக்கிறது, சில நூறு ரூபாய்தான். கட்டளைகளை நிறைவேற்றும் எந்தப் பெட்டிக்கும் அதைப் பரிந்துரைப்பேன்.

250 மில்லி விநாடி

இவ்வளவுக்குப் பிறகும் எப்போதாவது, குறிப்பாக இரவுகளில், டெலிகிராம் பக்கம் மறுஇணைப்பு உடனே கிடைக்காமல் தோற்றுக்கொண்டே இருந்தது. பிழையில் இரண்டு காரணங்கள் சேர்ந்தே வந்தன. பழைய வகையான ஐபிவி4 முகவரிக்கு நேரம் தாண்டிவிட்டது, புதிய வகையான ஐபிவி6 முகவரிக்கு வழியே இல்லை. எங்கள் இணைப்பில் ஐபிவி6 கிடையாது, அதனால் இரண்டாவது புரிந்தது. முதலாவதுக்குக் காரணம் நோட் ஜேஎஸ் 20-ம் பதிப்பிலிருந்து இயல்பாகிவிட்ட ஒரு அமைப்பு. ஒரு பெயருக்குப் பல முகவரிகள் இருந்தால் அது ஒவ்வொன்றாக முயலும், நான் ஓட்டிய பதிப்பில் கடைசி முகவரியைத் தவிர மற்றவற்றுக்கு 250 மில்லி விநாடிதான் அவகாசம் தந்தது. டெலிகிராமின் பாட் முகவரி ஐரோப்பாவில் இருக்கிறது. சென்னையிலிருந்து போய்வர சாதாரண நாளில் 250-க்குள் அடங்கிவிடும். பாதை சுற்றி வளைந்தால் அடங்காது. 2025 செப்டம்பரில் செங்கடலில் கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே தாமதம் கூடியது நினைவிருக்கலாம். 260 மில்லி விநாடி ஆனால் போதும், நல்ல ஐபிவி4 பாதையைக் கைவிட்டுவிட்டு இல்லாத ஐபிவி6-க்குப் போய் முட்டி நிற்கும். பிங் போட்டால் பதில் வரும், பிரவுசர் திறக்கும், பாட் மட்டும் தோற்கும். அவகாசத்தை ஒரு விநாடியாக்கியதும் அந்தப் பிழை நின்றது.

காவல்

சிஸ்டம்டியின் வாட்ச்டாக் வசதியை இப்போது இணைப்போடு கட்டியிருக்கிறேன். டெலிகிராமிடமிருந்து ஒரு பதில், 'ஒன்றுமில்லை' என்பதானாலும் சரி, வந்தால்தான் 'உயிரோடு இருக்கிறேன்' என்ற சமிக்ஞை போகும். டைமர் வைத்துச் சும்மா சமிக்ஞை அனுப்பினால் பழைய பச்சை விளக்குதான் திரும்பி வரும். மூன்று நிமிடம் சமிக்ஞை இல்லையென்றால் சிஸ்டம்டி புராசஸைக் கொன்று எழுப்பும். பழைய கட்டளைக்கான விதி இருப்பதால் இப்போது ரீஸ்டார்ட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை. டாக்கரில் (நிரலைக் கண்டெய்னர் என்ற தனிக் கூட்டுக்குள் ஓட்டும் கருவி) ஓட்டுபவர்கள் கவனிக்க: ஹெல்த்செக் தோற்றால் கண்டெய்னர் தானாக மறுதொடக்கம் ஆகாது, புராசஸ் வெளியேறினால்தான் ரீஸ்டார்ட் கொள்கை வேலை செய்யும்.

வாட்ஸ்அப் பக்கம் எல்லாப் பிழைக்கும் ஒரே மருந்து கொடுக்கக் கூடாது. இணைப்பு அறுந்ததைச் சொல்லும் 408-ம் 428-ம் வந்தால் காத்திருந்து மறுபடி கட்டலாம். ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருப்பை இரட்டித்து, ஐந்து நிமிடத்தில் நிறுத்திக்கொள்கிறேன். அதிகாரபூர்வமற்ற இணைப்பிலிருந்து விநாடிக்கு ஒரு முறை கதவைத் தட்டுவது எண்ணுக்கு நல்லதல்ல. 515 என்பது கியூஆர் ஸ்கேன் செய்ததும் வரும் வழக்கமான மறுதொடக்கக் கோரிக்கை. 440 வந்தால் அதே லாகின் சான்றுகளோடு வேறு எங்கோ ஒரு பிரதி ஓடுகிறது என்று அர்த்தம், மறுபடி கட்டினால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். டெலிகிராமில் இதற்கு இணையானது 409. சோதனைக்கென்று டெலிகிராமில் பாட்களைப் பதிவு செய்யும் பாட்ஃபாதரிடம் தனி டோக்கன் (பாட்டுக்கான சாவி) வாங்கி வைத்திருப்பதால் எனக்கு அது வரவில்லை. 401 வந்தால் லாக்அவுட் ஆகிவிட்டது, எத்தனை முறை முயன்றாலும் பயனில்லை. உதவியாளர் முயற்சியை நிறுத்திவிட்டு டெலிகிராம் வழியாக எனக்குச் சொல்லும்.

இப்படி மறுபடி கியூஆர் ஸ்கேன் செய்ய வேண்டிய நிலை இரண்டு வழியில் வரலாம், கொஞ்சம் கவனித்தால் இரண்டையுமே தவிர்க்கலாம். சான்றுக் கோப்பு எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் கோப்பு வெறுமையாகிவிடும், மறுபடி கியூஆர்தான். தற்காலிகக் கோப்பில் எழுதி, வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதி செய்துகொண்டு பெயர் மாற்றுகிறேன். மற்றது, முதன்மைப் போனை 14 நாள் தொடாமல் விட்டால் இணைக்கப்பட்ட சாதனங்களை வாட்ஸ்அப் வெளியேற்றிவிடும். சார்ஜரில் கிடக்கும் அந்தப் பழைய போனில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வாட்ஸ்அப்பைத் திறந்து பார்க்க வேண்டும். அதை நினைவூட்டும் வேலையை உதவியாளரிடமே கொடுத்திருக்கிறேன், டெலிகிராம் வழியாக, அப்பாவுக்கு.